அடுத்த வீட்டுக் கொசு

"நம் இதழுக்கு ஒரு கட்டுரை வேண்டும், சார்மினாரைப் பற்றி மட்டும் வேண்டாம், அதைப் பற்றி ஆறு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்று நம் சங்கச் செயலாளர் என் அறைக்கு வந்து சொன்னபோது, "கொசுவைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். விடுதியில் இரவெல்லாம் கடிபடுகிறவர்களுக்குப் பகலில் அதைப் பற்றிப் படிக்க வேறு வேண்டுமா என்பது அவர் எண்ணம் போலும்.

நண்பர்களே, அஞ்ச வேண்டாம். நான் எழுத வந்தது விடுதிக் கொசுவைப் பற்றி அன்று. மூசி ஆற்றுச் சாக்கடையில் பிறந்து நம் காதோரம் இசைபாட வருவது பெரும்பாலும் க்யூலெக்ஸ் என்னும் இனம். அது தூக்கத்தைக் கெடுக்குமே தவிர மலேரியாவைக் கொண்டுவராது. நான் சொல்ல வந்தது, கோதாவரிக் கரைக் காட்டில் ஒரு கிழவி என்னிடம் கேட்ட கேள்வியையும், அதற்கு நான் கூசாமல் சொன்ன ஒரு பொய்யையும் பற்றித்தான்.

விலங்கியல் படிக்கும் மாணவன் என்ற முறையில், மலேரியாவுக்கும் நாம் வாழும் இந்த ஊருக்கும் உள்ள உறவை முதலில் சொல்லிவிடவேண்டும். பேகம்பேட்டையில், பழைய விமான நிலையத்துக்கு அருகில், நம் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. பேருந்தில் எத்தனையோ முறை அந்தப் பக்கம் போயிருப்பீர்கள். இறங்கிப் பார்த்தவர்கள் சிலராகவே இருப்பர். ரொனால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர் 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் செகந்திராபாத்தில் செய்த ஆராய்ச்சியின் நினைவாக நிற்பது அது. உசேன் கான் என்ற காய்ச்சல்காரர் ஒருவர் அவருக்குக் கிடைத்தார். இறகில் புள்ளிகள் உடைய கொசுக்களை ஆகஸ்டு 16ஆம் தேதி அவரைக் கடிக்கவிட்டார் ராஸ். கடி ஒன்றுக்கு ஓர் அணா கூலி! நான்கு நாள் கழித்து, 20ஆம் தேதி, அந்தக் கொசுக்களுள் ஒன்றை அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தபோது, அதன் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியின் உருண்டைகளைக் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவைகளை வைத்து மிச்சத்தையும் கண்டுபிடித்தார். 1902இல் நோபல் பரிசு வந்தது.

இந்தக் கதையை எங்கள் பேராசிரியர் வகுப்பில் சொன்னபோது என் மனத்தில் தங்கிவிட்ட செய்தி ஒன்று உண்டு. ராஸின் சோதனைகளில் நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, கொசுக்களையும் வலைக்குள்ளேயே திறந்துவிடுவார்களாம். உலகமெல்லாம் கொசுவை வெளியே நிறுத்துவதற்கு வலை கட்ட, நம் ஊரில் கொசுவை உள்ளே அடைப்பதற்கு வலை கட்டினார்கள்! அன்று சிரித்தேன்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் எங்கள் வகுப்பில் எட்டுப் பேரைக் களப்பணிக்காகப் பத்ராசலத்துக்கு அனுப்பினார்கள். இராமதாசர் கோயில் கட்டிச் சிறை சென்ற அதே பத்ராசலம். இரவுப் பேருந்தில் ஏறிக் கொத்தகூடம் வழியாக விடியற்காலையில் போய்ச் சேர்ந்தோம். அங்கிருந்து ஆட்டோவில் காட்டுப் பாதையில் ஒன்றரை மணி நேரம். கோயர்கள் என்னும் பழங்குடி மக்கள் வாழும் சிற்றூர் அது; மண்சுவர் வீடுகள், சுற்றிலும் நெல்லும் சோளமும், ஊரை ஒட்டி ஓர் ஓடை. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அவர்கள் வீட்டுச் செய்தியைச் சொல்லப் போகிறேன் ஆகையால்.

விடியுமுன் எழுந்து, ஒரு கையில் டார்ச்சு விளக்கும் மறு கையில் உறிஞ்சு குழாயுமாக வீடு வீடாகப் போய்ச் சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுக்களைப் பிடிப்பதுதான் எங்களுக்கு இட்ட வேலை. கண்ணாடிக் குழாயின் வாயைக் கொசுவின்மேல் கவிழ்த்து, மறுமுனையில் உள்ள இரப்பர்க் குழாயை வாயில் வைத்து மெல்ல உறிஞ்ச வேண்டும். கொசு நம் வாய்க்குள் வராமல் நடுவில் துணி கட்டியிருக்கும். இருந்தாலும் முதல் நாள் பாதிப் பேர் காலைச் சிற்றுண்டி உண்ணவில்லை. அனாபிலிஸ் கொசுவை அடையாளம் காண்பது எளிது; மற்றக் கொசுக்கள் சுவருக்கு இணையாகக் கூன்போட்டு உட்காரும், இது மட்டும் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கி, ஆணி அடித்ததுபோல் சாய்ந்து நிற்கும்.

அந்த ஊரில் வீடுதோறும் அரசாங்கம் கொடுத்த கொசுவலை இருந்தது. நம் வீடுகளில் தையற்காரரிடம் தைத்துக் கட்டிலின் நான்கு கால்களில் கட்டும் வலையன்று. நூலிலேயே பூச்சிமருந்து ஏற்றிய வலை. இந்தியாவின் மலேரியாத் திட்டத்தில் இவ்வகை வலை 2009ஆம் ஆண்டில் புகுந்தது. இருபது முறை துவைத்தாலும், மூன்று ஆண்டு கட்டினாலும் மருந்து நிற்கும் என்பது கணக்கு. சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுத்த பைரெத்ரம் என்ற பழைய மருந்தைப் பார்த்து ஆலையில் செய்தவை இன்றைய பைரெத்ராய்டு மருந்துகள். மனிதனுக்கு வலையில் உள்ள அளவால் தீங்கு இல்லை. மீனுக்கு நஞ்சு, ஆகவே குளத்திலோ ஓடையிலோ இவ்வலையைத் துவைக்கலாகாது. வெயிலில் உலர்த்தினால் மருந்து கெடும், நிழலில்தான் உலர்த்தவேண்டும். இதையெல்லாம் ஊராருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பும் எங்களுக்கு. எங்களுள் தெலுங்கு நன்றாகப் பேசுகிறவன் கம்மத்துக்காரனான என் தோழன் ஒருவனே. நான் அவனுக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், ஊருக்குச் சற்றுத் தள்ளி வயலோரம் இருந்த ஒரு தனிக் குடிசைக்குப் போனோம். அங்கே ஒரு கிழவி, இரண்டு பசுக்கள், ஒரு கோழி. அவ்வளவுதான் குடும்பம். மகன் வீடு ஊருக்குள் இருக்கிறது; வயலைக் காக்க அவள் இங்கே படுக்கிறாள். வலை இல்லை. ஏன் என்று கேட்டோம். வலை கொடுத்தபோது குடும்பக் கணக்கு எழுதினார்களாம். மகன் குடும்பத்தோடு அவள் பெயரும் சேர்ந்திருந்தது. இரண்டு வலை கொடுத்தார்கள். இரண்டும் மகன் வீட்டில், பேரப்பிள்ளைகளுக்குக் கட்டியிருக்கிறது. எழுதினவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. ஏட்டில் அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

தோழன் வழக்கம்போல் வலையின் பெருமையை எடுத்துரைத்தான். அவ்வா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிறகு என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் பேசாமல் நின்றதால் பெரியவன் என்று நினைத்துவிட்டாள் போலும்.

"பாபு, அந்த வீடுகளில் எல்லாம் வலை கட்டிவிட்டார்கள். கொசுவுக்குப் பசி போய்விடுமா? அங்கே கிடைக்காதது எங்கே போகும்? என்னிடம்தானே வரும்?"

தோழன் மொழிபெயர்த்துச் சொன்னான். எனக்கு விடை தெரியவில்லை. எட்டுப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆட்டோ காத்திருந்தது. "அப்படியெல்லாம் வராது அவ்வா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவன், சட்டைப்பையில் பேனா செருகியவன், தெரியாது என்று எப்படிச் சொல்வது? அந்தப் பேனாதான் என்னைக் கெடுத்தது.

ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. மனச்சாட்சியைச் சரிக்கட்டச் சுருக்கு வழி ஒன்று கண்டேன். விடுதி உணவுக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம்பிடித்துச் செகந்திராபாத் கடைத்தெருவில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு கொசுவலை வாங்கினேன். தஞ்சாவூரில் என் பாட்டி ஆயுள் முழுவதும் அப்படிப்பட்ட வலைக்குள்தான் உறங்கினாள். ஒரு காய்ச்சலும் கண்டதில்லை. தசரா விடுமுறையில் தோழன் ஊருக்குப் போனபோது அவனோடு தொற்றிக்கொண்டு போய், அதை அவ்வாவிடம் கொடுத்தேன். அவள் அதன் நிறத்தைக் கண்டு சிரித்தாள்; கலியாணப் பெண்ணுக்குக் கட்டுவது போல் இருக்கிறதாம். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. திரும்பி வரும்போது பேருந்தில் நன்றாகத் தூங்கினேன்.

அதன் பிறகுதான் நூலகத்தில் உட்கார்ந்து முறையாகப் படித்தேன். படிக்கப் படிக்க என் முகம் வெளிறியது. காரணம் சொல்லுகிறேன்.

மருந்து ஏற்றாத வெறும் வலை, உள்ளே இருப்பவரைக் காக்கும். துளை இல்லாமல், மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகி, கை கால் வலையில் ஒட்டாமல் படுத்தால் நன்றாகவே காக்கும். ஆனால் கொசுவுக்கு ஒன்றும் ஆவதில்லை. அது வலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பசியோடு வெளியேறி, வலை இல்லாத இன்னொருவரைத் தேடும். அவ்வா அஞ்சியது அப்படியே உண்மை. ஊருக்குள் இருப்பவை வெறும் வலைகளாக இருந்திருந்தால் கொசு அவளிடம் வந்திருக்கும். இப்பொழுது நான் வாங்கிக் கொடுத்திருப்பது அந்த வெறும் வலைதான்! அவளிடம் வந்த கொசுவை அடுத்தவரிடம் அனுப்பும் வேலையை ஆறு நூறு ரூபாய் கொடுத்து நானே செய்து வந்திருக்கிறேன்.

மருந்து ஏற்றிய வலையின் தொழில் வேறு. அதைக் கொசுத் தடுப்பு என்பதைவிடக் கொசுப்பொறி என்பது பொருந்தும். உள்ளே படுத்திருக்கும் மனிதன்தான் அந்தப் பொறிக்கு வைத்த இரை. மனிதனின் மூச்சையும் வியர்வை மணத்தையும் மோப்பம் பிடித்துக் கொசு வருகிறது. சூடும் மணமும் மேல்நோக்கி எழுவதால் அது பெரும்பாலும் வலையின் கூரைமேல்தான் வந்து மோதுகிறது என்று, இருட்டிலும் படம் எடுக்கும் கருவிகளை வைத்துக் கண்டிருக்கிறார்கள். மோதித் துணியில் கால் வைத்த மாத்திரத்தில் மருந்து அதன் நரம்பைத் தாக்குகிறது. சில அங்கேயே விழுகின்றன. சில எரிச்சலுற்றுக் குடிக்காமலே வீட்டைவிட்டு ஓடுகின்றன. ஓடியவற்றுள்ளும் பல மறுநாளைக்குள் சாகின்றன. வலையில் இரண்டொரு ஓட்டை இருந்தாலும், அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்கத் துணிமேல் அது நடந்தாக வேண்டுமே!

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த பகுதி அது; ஆகவே சற்று நீட்டிச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும். காய்ச்சல்காரரைக் கடித்த கொசு உடனே நோயைப் பரப்பிவிடாது. உசேன் கானைக் கடித்த கொசுவில் நான்காம் நாள் இரைப்பையில் உருண்டைகள்தான் இருந்தன. அவை முற்றி, வெடித்து, கிருமிகள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய்ச் சேர ஏறக்குறைய பன்னிரண்டு நாள் ஆகும். குளிர் காலத்தில் இன்னும் கூடுதல். ஆகவே நோயைப் பரப்புவது கிழக் கொசு; இளங்கொசு அன்று. அந்தப் பன்னிரண்டு நாளில் அது முட்டையிடுவதற்காக இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இரத்தம் தேடி வந்தாக வேண்டும். நான்கைந்து முறை! ஒவ்வொரு முறையும் மருந்து வலையைச் சந்திக்கவேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாள்தோறும் நூற்றுக்கு எண்பது கொசு பிழைக்கும் ஊரில், பன்னிரண்டாம் நாள் நூற்றுக்கு ஏழு கொசு எஞ்சும். அதே ஊரில் வலை கட்டி, நாள்தோறும் பிழைப்பவை நூற்றுக்கு அறுபது என்று ஆகிவிட்டால், பன்னிரண்டாம் நாள் எஞ்சுவது ஆயிரத்துக்கு இரண்டே. கொசுவின் எண்ணிக்கையைவிட அதன் ஆயுளைக் குறைப்பதுதான் மலேரியாவை முறிக்கும் என்று ஜார்ஜ் மெக்டொனால்டு என்ற ஆங்கிலேயர் 1950களில் கணக்கிட்டுக் காட்டினார். ராஸ் தொடங்கி வைத்த கணக்கை அவர் வளர்த்தார். இன்றும் அது இருவர் பெயராலும் வழங்குகிறது.

கொசுவின் வயதை எப்படி அறிவது என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். டெட்டினோவா என்ற உருசிய அம்மையார் வகுத்த முறை ஒன்று உண்டு. கொசுவின் சூலகத்தை ஊசியால் பிரித்து, நீரில் இட்டு, உலர்த்தி, உருப்பெருக்கியில் பார்க்கவேண்டும். ஒருமுறையும் முட்டையிடாத கன்னிக் கொசுவானால், சூலகத்தின்மேல் படர்ந்துள்ள மூச்சுக்குழாய்களின் நுனிகள் நூல்கண்டுபோல் சுருண்டிருக்கும். ஒருமுறை முட்டை வளர்ந்துவிட்டால் அந்தச் சுருள்கள் நீண்டுவிடும். பிறகு என்றும் சுருளா. என் ஊசியில் முதல் பதினேழு கொசுக்கள் கூழாயின. பதினெட்டாவதில் அந்தச் சுருளைக் கண்டேன். எங்கள் பாட்டியின் தைலப்பெட்டியில் இருக்கும் வெள்ளிக் கம்பிச் சுருளை அப்படியே சிறிதாக்கியது போல் இருந்தது. மருந்து வலை நன்கு பயன்படும் ஊர்களில் முட்டையிட்ட கிழக் கொசுக்களின் விழுக்காடு குறைவதை இந்த முறையால்தான் கண்டறிகிறார்கள்.

அவ்வாவின் கேள்விக்கு நேர் விடை கென்யா நாட்டில் கிடைத்திருக்கிறது. மேற்குக் கென்யாவில், 1990களின் பிற்பகுதியில், ஊர் ஊராக மருந்து வலை கொடுத்துச் சோதித்தார்கள். வலை கொடுத்த ஊர்களுக்கு 300 மீட்டருக்குள் இருந்த, வலையே இல்லாத வீட்டுக் குழந்தைகளும் பெருமளவு பாதுகாப்புப் பெற்றார்கள் என்று அதில் தெரிந்தது. கொசு அடுத்த வீட்டுக்குப் போகவில்லை, போவதற்கு இருக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: ஊரில் பெரும்பாலோர் வலை கட்டவேண்டும். பத்து வீட்டில் ஒரு வீடு கட்டினால் இது நடவாது. ஆக, நான் சொன்ன பொய், தற்செயலாகப் பாதி உண்மை ஆகிவிட்டது. இதை நான் தெரிந்து சொல்லியிருந்தால் பெருமைப்படலாம்.

மீதிப் பாதி இருக்கிறதே! ஆப்பிரிக்கக் கொசு வேறு, நம் நாட்டுக் கொசு வேறு. ஆப்பிரிக்காவின் பெருங்கொடியவளான காம்பியே என்னும் கொசுவுக்கு மனித இரத்தமே விருப்பம். இரவு நடுச்சாமத்துக்குப் பிறகு வீட்டுக்குள் வந்துதான் கடிக்கும். வலைக்கு ஏற்ற எதிரி. நம் நாட்டுச் சமவெளிக் கிராமங்களில் மலேரியாவைப் பரப்புவதில் முதலிடம் பெற்ற குலிசிபேசிஸ் என்பதோ மாட்டை நாடுவது. மாட்டைக் கடித்துவிட்டு மனிதன் வீட்டுச் சுவரில் வந்து இளைப்பாறும். இடையிடையே மனிதனையும் பார்த்துக்கொள்ளும். அது நடுச்சாமம் வரை காத்திருப்பதும் இல்லை. முன்னிரவிலேயே பாதி வேலையை முடித்துவிடும். மலையடிவாரத்து ஓடைகளில் பிறக்கும் புளுவியாடிலிஸ் என்ற மற்றொன்றில், மனிதனையே விரும்பும் உள்ளினம் உண்டு. ஒரிசா மலைகளில் மிகக் கொடியது அதுவே. அவ்வாவின் குடிசையோரம் வயலும் இருந்தது, ஓடையும் இருந்தது, பசுவும் இருந்தது. மூன்று பேருக்கும் விருந்து வைத்தாற் போல.

ஒரிசா என்று சொன்னேன். புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம் கோராபுட் மலைப்பகுதியில் பல ஆண்டுகளாக இந்தக் கொசுக்களையும் வலைகளையும் ஆராய்ந்து வருகிறது. 2016இல் அந்த மாநிலத்தில் நான்கு லட்சத்துக்கு மேல் மலேரியா கண்டது. 2018இல் எழுபதாயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. இடையில் நடந்தது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட மருந்து வலைகளை வீடுவீடாகக் கொடுத்ததும், எட்டாத மலையூர்களுக்கெல்லாம் ஏறிப்போய்க் காய்ச்சல் இல்லாதவர்களிடமும் கிருமி இருக்கிறதா என்று பார்த்து மருந்து கொடுத்ததும். இதில் வலைக்கு எவ்வளவு பங்கு, மாத்திரைக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பது கடினம். வலை வலை என்று மட்டும் மேடையில் முழங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. யாழ்ப்பாணத் தமிழர் கொசுவை நுளம்பு என்பர். அவர்கள் நாடு 1963இல் பதினேழே நோயாளிகள் என்ற நிலைக்கு வந்து, அசந்துபோய், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மீண்டும் இலட்சக்கணக்கில் காய்ச்சலில் விழுந்தது. அங்கேயும் வலை, மருந்து தெளித்தல், இரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்த பிறகுதான் 2016 செப்டம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்று கிடைத்தது.

நம் நாட்டுக்கும் அப்படி ஓர் அசதி வந்தது. டி.டி.டி. தெளித்து 1960களில் ஆண்டுக்கு ஓர் இலட்சம் நோயாளி என்ற அளவுக்குக் கொண்டுவந்தார்கள்; 1976இல் அது அறுபத்து நான்கு இலட்சத்தைத் தாண்டியது. பணமும் கண்காணிப்பும் குறைந்தது ஒரு காரணம். குலிசிபேசிஸ் டி.டி.டி.யைத் தாங்கப் பழகிவிட்டது மற்றொரு காரணம். இன்று வலையிலுள்ள பைரெத்ராய்டையும் அது பல இடங்களில் தாங்கப் பழகிவருகிறது. எங்கள் ஆய்வுக்கூடத்திலேயே பார்த்தோம்: மருந்துத் தாள் சுற்றிய குழாயில் ஒரு மணி நேரம் அடைத்து, மறுநாள் காலையில் எண்ணும்போது, செத்திருக்கவேண்டிய சில எழுந்து பறந்தன. அந்தக் காலை வகுப்பில் யாரும் பேசவில்லை. ஆயினும் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஓர் ஆறுதல். அதில் இந்தியாவின் பங்கு சத்தீசுகட்டின் கேசுகால் வட்டாரத்தில் நடந்தது. தாங்கும் கொசு இருந்த ஊர்களிலும், வலையில் படுத்தவருக்கு வலையில்லாதவரைவிட நோய் குறைவே என்று அதில் கண்டார்கள். ஆனால் செத்தால்தானே அடுத்த வீட்டாருக்கு நன்மை? கொசு சாகாமல் தப்பத் தொடங்கினால், மருந்து வலையும் பையப் பைய என் இளஞ்சிவப்பு வலையாகிவிடுமோ என்பதே என் கவலை. இரண்டு மருந்து சேர்த்த புது வலைகளை 2023இல் அந்த நிறுவனம் பரிந்துரைத்தது இதற்காகத்தான்.

இவ்வளவையும் படித்த பிறகு அவ்வாவுக்கு மருந்து வலை வேண்டும் என்று அலைந்தேன். நான் கேட்ட கடைகளில் ஒன்றிலும் இல்லை. "மருந்து வலையா? வலை இருக்கிறது, மருந்துக்கடை எதிரில் இருக்கிறது" என்றார் ஒரு கடைக்காரர். கடைசியில் தோழன் அந்த ஊர் ஆஷா அக்காவிடம் தொலைபேசியில் பேசினான். அவர் குடிசையைத் தனி வீடாகக் குறிப்பில் எழுதி, அடுத்து வந்த கட்டிலிருந்து ஒன்றை எடுத்துவைத்தார். இத்தனை எளிதாக முடியும் என்று தெரிந்திருந்தால் செப்டம்பரிலேயே கேட்டிருக்கலாம். கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை, கொசுவை எண்ணிக்கொண்டிருந்தோம்.

2024 சனவரியில், பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல், மூன்றாம் முறையாக அங்கே போனேன். மாலை நேரம். குடிசைக்குள் கயிற்றுக் கட்டிலின்மேல் நீல வலை ஒழுங்காகக் கட்டியிருந்தது. என் இளஞ்சிவப்பு வலையைத் தேடினேன். வெளியே கவிழ்த்த கூடையைச் சுற்றிப் போர்த்தி, உள்ளே கோழியும் ஒன்பது குஞ்சுகளும். பருந்துக்கும் கீரிக்கும் நல்ல காவலாம். கலியாண வலை என்று சொன்னாளே, கோழிக்காவது கலியாணமாகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தோழன் மொழிபெயர்க்க, அவளிடம் முதலில் என் பொய்யை ஒப்புக்கொண்டேன். "அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு எனக்கு விடை தெரியாது அவ்வா. தெரிந்தவன்போல் சொல்லிவிட்டேன்" என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு அன்றைக்கே தெரியும் பாபு, நீ ஆட்டோவைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்" என்றாள். பிறகு கென்யாவைப் பற்றிச் சொன்னோம். கென்யா என்பது பத்ராசலத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். ஊரார் எல்லாரும் கட்டினால் கட்டாதவரையும் அது காக்கும் என்பதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மகன் வீட்டில் ஒரு வலையை மடித்துப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்றும், நாளைக்கே போய்க் கட்டச் சொல்லப் போவதாகவும் சொன்னாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. குளிர் கடுமை. குடிசை முன்னே சுள்ளிகளைக் கூட்டித் தீ மூட்டினாள். பசுக்கள் பக்கத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. மணி ஏழு இருக்கும். அவள் கால்களைத் தீயின் பக்கம் நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் ஒரு தட்டுத் தட்டினாள். கையை விரித்துத் தீ வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். நசுங்கிப் போயிருந்தது, இன்னதென்று சொல்ல முடியவில்லை.

"வலைக்குள் போக இன்னும் இரண்டு மூன்று நாழிகை இருக்கிறதே பாபு, அதுவரை?" என்றாள்.

"தெரியாது அவ்வா" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய், ஒரு பழைய கம்பளியைக் கொண்டுவந்து பாதியைத் தன் காலின்மேலும் பாதியை என் காலின்மேலும் போட்டாள்.